நடுங்கும் கையில் வந்த மாதா

பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி ஆடியது. குழந்தை அதை விளையாட்டென்று நினைத்து, கரண்டி போன பக்கமெல்லாம் வாயைக் கொண்டுபோனது. நானும் சிரித்தேன். மறுநாளும் கரண்டி ஆடியபோது சிரிப்பு வரவில்லை.

இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கிறோம். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓய்வில் படம் வரைவேன். மாதா, குழந்தை இயேசு, சில சமயம் முருகனும் கூட. கலண்டர் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி வரைவேன். அச்சு மாதிரியே இருக்கிறது என்பார்கள். அதைத் தவிர வேறு பாராட்டு எனக்குத் தெரியாது.

நடுக்கம் தூரிகைக்கும் வந்தது. சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும். எதையாவது பிடித்தால் ஆடும். டிஸ்பென்சரி ஐயா விட்டமின் கொடுத்தார். என் அப்பாவுக்கும் கை நடுங்கியது. குடிதான் காரணம் என்று லயத்தில் பேசினார்கள். என்னைப் பற்றி என்ன பேசுவார்களோ என்று பயந்து, மடுவத்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது.

போர் நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. வழியில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. கணவர் செல்வத்தோடு பஸ் ஏறி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்கின்சன் நோயோ (மூளையில் தொடங்கி உடலை மெல்ல இறுக்கிவிடும் நோய்) என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

டாக்டரம்மா சிங்களத்தில் விசாரித்தார். அப்பாவின் கையைப் பற்றியும் சொன்னேன். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு கோடு போடச் சொன்னார். கோடு நெளிந்து நெளிந்து போனது. எனக்கு அவமானமாக இருந்தது. நான் நன்றாக வரைகிறவள், இன்னொரு தாள் தாருங்கள் என்று கேட்டேன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நங்கி (தங்கச்சி), நல்லா போட்டது எனக்கு வேணாம். இப்ப வர்றதுதான் வேணும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

பார்க்கின்சன் இல்லை, எசென்ஷியல் ட்ரெமர் (வேலை செய்யும்போது மட்டும் வரும் கைநடுக்கம், சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது) என்றார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முழுதாகப் போகாது, கூடவும் செய்யலாம். அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது என் கண் நிறைந்துவிட்டது. ப்ரொப்ரனலோல் (இதயத் துடிப்பைத் தணித்து நடுக்கத்தையும் குறைக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மாத்திரையால் கரண்டி ஓரளவு அடங்கியது, மடுவத்து வேலையும் நிலைத்தது. தூரிகைதான் அடங்கவில்லை. சேப்பல் திருநாளுக்கு மாதா படம் வரைந்து தருவதாகப் பாதரிடம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தேன். கட்டம் போட்டால் கட்டமே கோணியது. வரைந்ததைக் கழுவினேன், மறுபடி வரைந்து மறுபடி கழுவினேன்.

"பாதர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடு. யாரும் கோவிக்க மாட்டாங்க" என்றார் செல்வம்.

"இதையும் விட்டுட்டா எனக்குன்னு என்னாங்க இருக்கு?"

அவர் துணியைச் சுவரில் ஆணியால் அறைந்து கொடுத்துவிட்டு வெளியே போனார்.

நின்றுகொண்டு, கட்டம் இல்லாமல், பெரிய கரித்துண்டால் தோளிலிருந்து கையை வீசி வரைந்தேன். நடுக்கம் இருந்தது. ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது. முகம் கலண்டர் மாதாவின் முகமாக இல்லை. பயந்துபோய்ச் சேலையால் மூடி வைத்தேன்.

செல்வத்தின் தங்கை ரோசம்மா பால் வெட்டிவிட்டு வந்தவள், கேட்காமலே சேலையை விலக்கிவிட்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணி, இந்த மாதா வேல முடிஞ்சு வந்து உக்காந்த மாதிரி இருக்காங்க."

பாராட்டா குறையா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஆனால் அந்த முறை நான் கழுவவில்லை.

பாதர் அதைப் பீடத்தின் பக்கத்தில் மாட்டினார். பழைய படமே நல்லா இருந்துச்சு என்று சிலர் என் காதுபடவே சொன்னார்கள். பூசையில் நிமிர்ந்து பார்த்தபோது, இத்தனை வருடங்களில் கலண்டரிலிருந்து வராமல் என் கையிலிருந்து வந்த படம் இது ஒன்றுதான் என்று தோன்றியது. அதுவும் பயமாகவே இருந்தது.

இன்னும் யாராவது படத்தின் முன்னால் நின்றால் நான் அங்கே நிற்பதில்லை. பசித்தாலும் பதறினாலும் நடுக்கம் கூடும். அதனால் சாப்பிட்டுவிட்டுத்தான் தூரிகையை எடுக்கிறேன். மாத்திரை உடம்பைச் சற்று மந்தமாக்குகிறது, விரல் நுனிகள் குளிர்கின்றன. கை அடங்கும் வரை காத்திருக்கிறேன். அடங்காவிட்டால் ஆடுகிறபடியே விடுகிறேன்.

முன்பெல்லாம் பிளேன்டீ ஆறுவதற்குள் இரண்டு கண்ணையும் வரைந்து முடித்துவிடுவேன், எந்தப் பெண்ணின் கண்ணையும் பார்க்காமலே. இப்போது ஒரு கண்ணுக்கு ஒரு மத்தியானம் ஆகிறது. அதில் பாதி நேரம், எதிரே உட்கார்ந்திருக்கும் ரோசம்மாவைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன்.