டீ கிளாஸுக்குக் கீழே ஒரு ரோட்டரி

"அக்கா, செருப்பு ஸ்டாண்டுல பாம்புச் சட்டை கிடக்கு."

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, மட்டன் குக்கரின் நாலாவது விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். போனில் என் தங்கை மெர்சி. குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால்கூடத் திட்டிச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

மெர்சி இருப்பது வெள்ளானூர் பக்கம் ஒரு லேஅவுட்டில். மொத்தம் முப்பது மனை. அதில் வீடு என்று இருப்பது ஒன்றே ஒன்று, அவளுடையது. மற்றதிலெல்லாம் வேலிகாத்தான் குடியிருக்கிறது. அதாவது சீமைக்கருவேலம். எங்கள் பக்கத்தில் அதற்கு இப்படி ஒரு மரியாதையான பெயர். வேலியைக் காக்கிறதோ இல்லையோ, தன்னை நன்றாகவே காத்துக்கொள்கிறது!

அங்கே போய் வீடு கட்டு என்று அவளை உந்தித் தள்ளியது யார்? நான்தான். "நீ முதல்ல கட்டுடி. பின்னாடியே எல்லாரும் வந்துடுவாங்க" என்றேன். நாலு வருஷம் ஆகிறது. பின்னாடி வந்தது வேலிகாத்தான் மட்டும்தான்.

"அவருக்கு செகண்ட் ஷிஃப்ட்டுன்னா நானும் பாப்பாவும் மட்டும்தான் இருக்கோம். சாயந்திரமானா பயமா இருக்குக்கா. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லன்னா ஆவடியில வாடகைக்குப் போயிடறோம்" என்றாள்.

"ஸ்கூல் திறக்கறப்போ அங்க ஒரு முள்ளு இருக்காது. அக்கா பார்த்துக்கறேன்" என்று போனை வைத்தேன். எத்தனை விசில் போனதோ... மட்டன் குழைந்துவிட்டது.

மனைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். "பொக்லைன் விடுங்க மேடம், அரை நாள் வேலை" என்று ஆளாளுக்கு யோசனை. யோசனைக்கு மட்டும் குரூப்பில் பஞ்சமே கிடையாது. பொக்லைன் முள்ளை மட்டுமா பிடுங்கும்? மனைக்கு நாலு மூலையிலும் நட்டு வைத்திருக்கிற சர்வே கல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். பக்கத்து லேஅவுட்டில் அப்படித்தான் ஆனது. நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர்கள் இன்றைக்கு ஒரு அடி நிலத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

வீடியோ வீடியோவாகப் பார்த்ததில் எனக்கு விடை கிடைத்தது. ரோட்டரி கட்டர். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய இரும்புத் தட்டு. அதன் அடியில் ரெண்டு கத்தி, ஃபேன் மாதிரி சுற்றும். எவ்வளவு உயரத்தில் வெட்ட வேண்டுமோ அவ்வளவு உயரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். செடியை நறுக்கும், மண்ணைத் தொடாது. வேலிகாத்தான் வெட்ட வெட்டத் துளிர்க்கிற ஜாதி என்பதால் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஓட்ட வேண்டும். வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது. வாங்கிவிட வேண்டியதுதான்.

செகண்ட் ஹேண்ட்தான், வேறென்ன? என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. என் வீட்டு ஃபிரிட்ஜ், கட்டில், தையல் மெஷின் எல்லாமே இன்னொருத்தர் வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவை. ஒரு பழைய சாமானை என்னிடம் தள்ளிவிட்டு ஏமாற்றியவர் இன்னும் பிறக்கவில்லை.

நசரத்பேட்டை தாண்டி ஹைவே ஓரமாக, பழைய விவசாயக் கருவிகள் விற்கிற முனுசாமியின் யார்டு இருக்கிறது. போன் பண்ணி, "ரோட்டரி இருக்காண்ணே?" என்றேன். "கீது மா, மூணு கீது. நேர்ல வந்து பாரு" என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

மூணு இருந்தது உண்மைதான். மூணும் உழவு ஓட்டுகிற ரொட்டவேட்டர். வரிசையாக வளைந்த பல்லோடு, மண்ணை ஒரு சாண் ஆழம் கிளறிப் போடுகிற சாமான். இதைக் கொண்டுபோய் ஓட்டினால் பொக்லைனே தேவலாம் என்றாகிவிடும்.

"இது இல்லண்ணே. எனக்கு ரோட்டரி வேணும்."

"இதான் மா ரோட்டரி."

"இது மண்ணைக் கிளறுமே. எனக்குச் செடியை மட்டும் வெட்டணும்."

"ஊரே இத்தத்தான் மா ரோட்டரின்னு கேட்டு வாங்கிகினு போவுது. உனுக்கு மட்டும் இன்னா மா தனியா ஒரு ரோட்டரி?"

நியாயம்தான். அவர் பொய் சொல்லவில்லை, நானும் தப்பாகக் கேட்கவில்லை. நான் சொன்னதில் அவருக்குப் பழக்கமான பாதி மட்டும் அவர் காதில் ஏறியிருக்கிறது. மனுஷர்கள் பேசிக்கொள்வதில் முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது, இல்லையா?

வெயிலில் வந்த பொம்பளை என்று இரக்கப்பட்டு டீ சொன்னார். தரையில் கிடந்த ஒரு இரும்பு மேடையில் கிளாஸை வைத்தார்கள். மேடை மேல் சாக்பீஸில் தாயக்கட்டம் வரைந்திருந்தது. ஒரு ஓரத்தில் பழைய பேப்பர் கட்டு. கிளாஸை எடுக்கக் குனிந்த நான் அப்படியே நின்றேன். மேடைக்கு நடுவில், பேப்பர் கட்டை ஒட்டி, கியர்பாக்ஸ் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது என்னது?"

"அதுவா? ஏலத்துல மத்த சாமானோட சேர்ந்து வந்துச்சு. இன்னாதுன்னு யாருக்குத் தெரியும்... டீ குடிக்கத் தோதா கீதுன்னு போட்டு வச்சிகினோம்."

"கிளாஸை எடுங்க. இதைப் புரட்டணும்."

நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். அடியில் ரெண்டு கத்தி. நான் தேடி வந்த ரோட்டரி, என் டீயைச் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறது!

சந்தோஷத்தை முகத்தில் காட்டுவேனா? பேரம் கெட்டுவிடாதா? உதட்டைப் பிதுக்கிக்கொண்டே சுற்றி வந்தேன். கத்தியைக் கையால் தள்ளிப் பார்த்தேன், சிக்காமல் சுற்றியது. கியர்பாக்ஸைத் திறக்கச் சொல்லி ஆயில் பார்த்தேன். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இது கருப்பாக, கெட்டியாக இருந்தது. தட்டு முழுக்கத் துரு. ஆனால் துரு இருந்தால் பயமில்லை. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அதற்கு அடியில் எந்த விரிசல் ஒளிந்திருக்கிறது என்று.

"அப்ப இதுவும் ரோட்டரிதானா?" என்று முனுசாமி கேட்டார். விலை படிந்த பிறகுதான் ஆமாம் என்றேன். மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வருசமா எங்கூட்டு டேபிளு மா அது" என்று சொல்லி, தாயக்கட்டத்தைத் துணியால் துடைத்து ஒரு மினி லாரியில் ஏற்றிவிட்டார்.

வெள்ளானூரில் தண்ணீர் டேங்கர் இழுக்கிற தேவராஜ், தன் டிராக்டரில் அதை மாட்டினார். மூணு நாள் ஓடியது. இடையில் ரெண்டு போல்ட் உடைந்தது, முள் குத்தி ஒரு டயர் பஞ்சர். அதனாலென்ன? ஒவ்வொரு மனையாக வெளிச்சத்துக்கு வந்தது. சர்வே கல் ஒன்றுகூட அசையவில்லை. மூணாவது நாள் சாயந்திரம் மெர்சியின் வாசலில் நின்று பார்த்தால் மெயின் ரோட்டில் பஸ் போவது தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பார்த்தியா? சொன்னேனா இல்லையா? இனி பாம்புக்கு இங்க என்ன வேலை?"

மெர்சி மோர் டம்ளரைத் தேவராஜிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஆவடியில ஒரு வீடு பார்த்துட்டோம்க்கா."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அதான் சுத்தம் பண்ணியாச்சே! இன்னும் என்னடி பயம்?"

"பாம்புக்குன்னு நான் எப்போக்கா சொன்னேன்? சாயந்திரமானா பயமா இருக்குன்னுதானே சொன்னேன். பாம்பை நானே அடிச்சிடுவேன்."

"பின்ன?"

"விளக்கு வைக்கிற நேரத்துல இந்த இடத்துல என் வீட்டு லைட் ஒண்ணுதான்க்கா எரியுது. பாப்பாவுக்குக் காய்ச்சல்னா கூப்பிட ஒரு குரல் கிடையாது. முன்னாடி முள்ளு மறைச்சுக்கிட்டு இருந்தது. இப்போ யாருமே இல்லன்னு நல்லாத் தெரியுது" என்றாள். பிறகு, குறையாகக்கூட இல்லை, சும்மா விசாரிக்கிற மாதிரி கேட்டாள்: "பக்கத்து மனை உன்னோடதுதானேக்கா?"

ஆமாம். என்னுடையதுதான். நாலு வருஷமாக வேலிகாத்தானைக் காவலுக்கு வைத்துவிட்டு, அம்பத்தூரில் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டில், வாசலிலேயே காய்கறி வண்டி வருகிற சுகத்தில் உட்கார்ந்துகொண்டு, போனில் தைரியம் விற்றுக்கொண்டிருந்தது நான்தான். வெட்கமாக இருந்தது. தங்கை முன்னால் வெட்கப்படுவது எனக்குப் பழக்கமே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவளுக்கு நான் போன் பண்ணவில்லை. ஆனால் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை அவள் வாராவாரம் படிக்கிறவள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்...

மெர்சி, அந்த ஆவடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துடாதே. புதன்கிழமை நம்ம மனையில வீடு கட்டறதுக்கு போர் போட ஆள் வர்றாங்க, சத்தம் கேட்டா பயப்படாதே. அது உன் அக்காதான்.