டி டிரைவ் இருக்கும் தைரியம்

எங்கள் பனியன் கம்பெனி கம்ப்யூட்டரை எத்தனை தடவை ஃபார்மட் செய்தாலும் சர்வீஸ்காரர் சி டிரைவை மட்டும்தான் அழிப்பார். டி டிரைவில் இருப்பது பத்திரமாக இருக்கும். அந்தத் தைரியத்தில், கம்ப்யூட்டர் வேகமாகும் என்று வீடியோ பார்த்து, விண்டோஸுக்குப் பதில் நானே லினக்ஸ் ஏற்றினேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா என்று கேட்டது. பெரிய மேதாவி போல ஆமாம் என்று அழுத்தினேன். புதுத் திரை வந்ததும் டி டிரைவைத் தேடினேன். அப்படி ஒன்றே இல்லை. அளவு சார்ட் எல்லாம் அதில்தான் இருந்தன.

கட்டிங் மாஸ்டர் வந்து நின்றார். "துணி விரிச்சாச்சுங்க. அந்தக் கொழந்தைங்க டிரவுசர் சார்ட்டைக் குடுங்க."

"கம்ப்யூட்டர் தொறக்கட்டுங்க" என்று ரீஸ்டார்ட் செய்தேன். வழக்கமாகப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் ஒரு பொய் யோசித்துவிடலாம்.

"பரவால்லீங்களே, இப்பச் சட்டுனு தொறந்துருச்சு" என்றபடி அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.