அத்தானின் மூக்கு லாரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோடு. மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு லாரியை டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். லாரி நகர்கிறது... ஆனால் பின்சக்கரம் சுற்றவே இல்லை! டயர் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போகிறது. ரப்பர் கருகும் நாற்றம்.

"விடாத, விடாத! இன்னுங் கொஞ்சம் இழுத்தா ஸ்டார்ட் ஆகிரும்!" — கூடவே ஓடிக்கொண்டு கத்துகிறார் என் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர்.

ஓரமாகக் காரை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றது நான்தான். வேறு யார்?

அத்தான் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அந்தப் பக்கம் எங்கே போர் போட்டாலும் உப்பு. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தூரத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து லாரியில்தான் வரவேண்டும். அதைக் கொண்டுவருவது அத்தானின் மூக்கு லாரி. முன்பக்கம் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காலத்து லாரி... என்னைவிட மூத்தது. 'இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்' என்று நானும் பல வருஷமாகச் சொல்கிறேன். யார் கேட்டார்கள்?

சரியாக ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்குகிற நேரத்தில், முழு லோடோடு வரும்போது லாரி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இஞ்சின் ஜாம். அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, லாரி நின்னு போச்சு. இவுக சோறு திங்க மாட்டேங்குறாக. காரை எடுத்துட்டு உடனே வா."

பத்தி எழுதுகிறவள் லாரி இஞ்சினை என்ன செய்ய முடியும்? ஆனால் என்னிடம் கார் இருக்கிறதே! அதற்குத்தான் அழைப்பு.

அத்தான் சோறு தின்னாததற்குக் காரணம் பிழைப்பு மட்டும் இல்லை. பொங்கலுக்கு வருகிற சனத்துக்குக் குடிதண்ணீர் அவருடைய உபயம். அவர் அப்பா காலத்திலிருந்து நோட்டீசில் அவர்கள் வீட்டுப் பெயர்தான். இந்த வருஷம் பக்கத்துத் தெரு தங்கராசு புது லாரி வாங்கியிருக்கிறார். 'அண்ணாச்சி வண்டிக்கு முடியலைன்னா நான் ஊத்துறேன்' என்று கோயில் கமிட்டியில் பவ்யமாகச் சொல்லியும் விட்டார். உபயம் என்பது பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் மாதிரி. ஒருதடவை எழுந்துவிட்டால் போயே போச்சு!

அதனால் ஊரே இஞ்சின் வைத்தியத்தில் இறங்கியிருந்தது. ஒருவர் டீசல் ஊற்றி ஊறவைக்கச் சொன்னார். ஊற்றினார்கள். இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்றார். அதையும் ஊற்றினார்கள். அடுத்தவர் பிரேக் ஆயில். விட்டால் கடுகு கறிவேப்பிலை போட்டுத் தாளித்திருப்பார்கள். கடைசி வைத்தியம்தான் அந்த டிராக்டர்.

நானும் யோசித்துப் பார்க்கிறேன்... ஒரு வண்டி நின்றுபோனால் 'எனக்குத் தெரியாதுப்பா' என்று சொல்கிற ஒரே ஒரு ஆளை நம் ஊரில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பொறுக்க முடியாமல் பந்தல்குடிக்குப் போய், லாரி மெக்கானிக் சுந்தரத்தைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். அவர் முதலில் டிராக்டரை அனுப்பினார். பிறகு இஞ்சினைத் திறந்தார். பிஸ்டன் அசையவே இல்லை. தண்ணீர் ஓடுகிற துவாரங்களில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டினார். வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தது.

"அண்ணாச்சி, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துறீக?"

"போர் தண்ணிதான். ஏன்?"

"அந்த உப்புதான் இப்பிடிக் கட்டி கட்டியா அடைச்சுக் கெடக்கு. தண்ணி ஓட வழியில்ல. சூடு தாங்காம பிஸ்டன் இறுகிப் புடிச்சிருச்சு."

எனக்கு வந்ததே கோபம்! "முதுகுல ஒரு டேங்கர் நல்ல தண்ணியத் தூக்கிக்கிட்டுப் போற லாரி அத்தான்! அதுக்கு ரெண்டு குடம் ஊத்தக் கூடாதா?"

"அது சனம் குடிக்கிற தண்ணி தாயி. ஒரு குடத்துக்கு விடிஞ்சதும் விடியாததுமா பொம்பளைக ரோட்டுல காத்துக் கெடக்காக. அதைப் போயி இரும்புக்கு ஊத்தச் சொல்றியா? பாவம் இல்லையா?"

அந்த ஊரில் அது நியாயம்தான். ஆனால் இஞ்சினுக்குப் பாவ புண்ணியம் தெரியாதே! அக்கா வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் உப்பு வெள்ளையாகப் படிகிறது. அக்கா அதைச் சுரண்டிச் சுரண்டி ஓய்ந்துபோகிறாள். அதைத் தினமும் பார்க்கிற மனிதர், அதே தண்ணீரை இத்தனை வருஷமாக லாரிக்கும் ஊற்றியிருக்கிறார்...

"இது தேறாது. வேற இஞ்சின்தான் வைக்கணும்" என்று சுந்தரம் முடித்துவிட்டார். ஒரு செங்கல் சூளையில் இதே மாதிரி கிழட்டு லாரி ஒன்று நின்றது. பாடி மக்கிவிட்டது, இஞ்சின் மட்டும் உயிரோடு இருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். லாரிக்குள் இறக்கிப் பொருத்தலாம் என்றால், ராகு காலம் முடியட்டும் என்றார் அத்தான். முடிந்தது. எமகண்டம் வந்தது. அதுவும் முடியட்டும் என்றார். உபயம் கையை விட்டுப் போகப்போகிறது, இந்த மனிதர் காலண்டர் பார்க்கிறார்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆயில் டின்னுக்கும் போல்ட்டுக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஊருக்குமாகக் கார் ஓட்டினேன். சீட்டில் படிந்த கிரீஸ் இன்னும் போகவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் இஞ்சின் உறுமியது. அத்தான் பானெட்டில் நெற்றியை வைத்து அழுதுவிட்டார். அத்தனை எரிச்சலிலும் எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்வானேன்?

"இனிமே நல்ல தண்ணி மட்டுந்தான் ஊத்தணும். உப்புத் தண்ணி ஊத்துனா என்னையக் கூப்பிடாதீக" என்றார் சுந்தரம். அத்தான் சாமி சத்தியம் செய்தார்.

மறுநாள் மூக்கில் மாலையோடு லாரி கோயில் வாசலில் போய் நின்றது. மைக்கில் அத்தான் பெயரைச் சொன்னார்கள். தங்கராசுகூட வந்து ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எனக்குத் தலைவலி தாங்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் ஒரு காபி கேட்டேன். பால் இல்லாமல் வரக்காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தேன்... உப்பு!

"என்னக்கா இது?"

"பேசாமக் குடிடி. லாரித் தண்ணி உபயத் தண்ணியாம், இன்னைக்கு ஒரு சொம்பு எடுக்கக் கூடாதாம். வீட்டுல இருந்த ரெண்டு குடம் நல்ல தண்ணியையும் விடியக்காலம் தூக்கிட்டுப் போயி இஞ்சினுக்கு ஊத்திட்டாக. போர் தண்ணியில பாலு திரிஞ்சுரும்... அதான் வரக்காப்பி."

அத்தான் வீட்டு வரிசை எனக்குத் தெளிவாகிவிட்டது — சாமி, சனம், இஞ்சின்... அப்புறம்தான் கொழுந்தியாள்!