இருபத்தேழாம் நம்பர் ஸ்பானர்

தம்பி கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உறுமலுக்குள்ளே, காதைத் தீட்டிக் கேட்டால் மட்டும் தெரிகிற மாதிரி, தையல் மிஷின் ஓடுவது போல ஒரு சத்தம். எஞ்சினுக்குள் வால்வைத் தட்டுகிற டாப்பெட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா விட்டிருந்தாள்.

"செவ்வாய் வெறுவாய்ம்பாங்க. ஒரு நாள் கழிச்சுப் போனா மலை ஓடியா போயிடும்?" என்று பக்கத்துக் கடையிலிருந்து தையலம்மா குரல் கொடுத்தாள்.

"மலை ஓடாது தையலம்மா, நான்தான் ஓடணும். சனிக்கிழமை மலையேறப் பன்னிரண்டு வண்டி வருது. அதுக்குள்ள ஆத்துக்கு மேல பாதை இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு வந்து சொல்லணும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் இங்கே இருப்பேன். என் சட்டைக்குப் பட்டன் தைச்சு வைங்க."

"மூணு மாசமா அதே சட்டை, அதே பட்டன். அந்தப் பட்டனுக்கே கல்யாண வயசு வந்துடுச்சு."

அவன் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினான். "வரட்டுமாக்கா?" என்றான். "பார்த்துப் போடா" என்றாள். அவ்வளவுதான். தெருமுனையில் திரும்பும்போது கையைத் தூக்கினானா இல்லையா என்பது இப்போதும் அவளுக்குச் சரியாக நினைவில்லை.

அவனுக்கு மட்டும் அவள் அக்கா இல்லை. தார் ரோட்டை விட்டு இறங்கிக் காடு மேடு என்று ஓட்டுகிறவர்கள் எல்லோருக்குமே அவள் 'சுருள் அக்கா'. கான்வாஸ் துணியில் வரிசையாக அறை தைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு சாமான் செருகி, பாய் மாதிரிச் சுருட்டி, வாரால் இறுக்கிக் கட்டி அவள் கொடுக்கிற பழுதுபார்க்கும் சாமான்களுக்குத்தான் சுருள் என்று பெயர். துணியைத் தைப்பது தையலம்மா. என்ன போக வேண்டும், என்ன போகக் கூடாது என்பதை முடிவு செய்வது அக்கா. முழங்கை நீளம், முழங்கைத் தடிமன். அதற்கு மேல் ஒரு விரல் போனாலும் கட்ட மாட்டாள்.

பெரிய பெட்டி நிறைய ஸ்பானர் கொண்டு வந்து இறக்குகிறவர்களைப் பார்த்து, "காட்டுக்குள்ள கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்பாள். வண்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்ப்பாள். எந்த ஸ்பானர் வேலை செய்ததோ அது உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. வண்டியில் இல்லாத நட்டுக்கு ஸ்பானர் எதற்கு? இன்சுலேஷன் டேப்பை உருளையாகக் கொடுக்காமல் டயரை நெம்பிக் கழற்றுகிற லீவரின் மேலேயே நாலு சுற்றுச் சுற்றிவிடுவாள். மாற்று டியூப் முன்சக்கரத்துடையது ஒன்று போதும், ஆபத்துக்குப் பின்சக்கரத்திலும் அதையே திணித்துக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டுகிற சாமானெல்லாம் தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். கடைசியில் வண்டிக்காரரின் கண்ணைத் துணியால் கட்டி, "பத்தாம் நம்பரை எடுங்க" என்பாள். தடவித் தடவிச் சரியாக எடுக்கிறவரைக்கும் விடமாட்டாள். கண்கட்டி விளையாட்டு விளையாடியே பாதி நாள் போய்விடும்.

அவள் கையால் போகிற சாமான் ஒவ்வொன்றிலும் அரத்தால் மூன்று கீறல் போட்டிருப்பாள். கடைக்குள் யார் எதை இரவல் வாங்கினாலும் துடைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். தம்பி மட்டும் துடைக்கவே மாட்டான். தினமும் அதற்கு ஒரு சண்டை. "சாப்பிட்ட தட்டைக் கழுவற இல்ல? இதுக்கு மட்டும் என்னடா கேடு?" என்பாள். "தட்டையும் நீதானேக்கா கழுவற" என்பான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து தட்டும் அவள்தான், ஸ்பானரும் அவள்தான்.

கட்டிய சுருளை மறுபடி அவிழ்க்கக் கூடாது என்பதும் அவளுடைய சட்டம்தான். கடைசி நேரத்தில் எது தேவைப்பட்டாலும் கடைச் சாமானைத்தான் எடுக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அதை அவளே மீறினாள். செயின் கொஞ்சம் தொங்குவது போலத் தெரிந்தது. கடையின் இருபத்தேழாம் நம்பர் ஸ்பானர் கைக்கு அகப்படவில்லை. தம்பி எஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தான். சுருளை அவிழ்த்து, அதிலிருந்த இருபத்தேழை எடுத்து, பின்சக்கரத்து ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்து, மறுபடி முடுக்கி, ஸ்பானரைத் துடைத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுச் சுருளைக் கட்டினாள்.

பத்து நிமிடம் கழித்து டீ டம்ளரை வைக்க ஜன்னல் பக்கம் போனவள் அதைப் பார்த்தாள்.

அந்த ஒரு ஸ்பானர் இல்லாவிட்டால் பின்சக்கரம் கழலாது. சக்கரம் கழலாவிட்டால் டியூபும் லீவரும் காற்றடிக்கிற பம்பும் இருந்து என்ன? ஆளில்லாத மேட்டில் ஒரு முள் போதும். ஸ்கூட்டரை எடுத்துவிட்டு அவசரத்தில் ஷட்டரை இழுத்தாள். தகரத்தின் விளிம்பு வலது கட்டைவிரலைக் கிழித்தது. தையலம்மா ஓடி வந்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். தம்பிக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவன் காதில் எங்கே விழப் போகிறது? அடுத்த முறை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. '27 இங்கேயே இருக்கு. திரும்பி வா' என்று செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது.

தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் போனாள். அதற்கப்புறம் சேறு. சேற்றில் அவன் டயரின் தடம் பற்கள் பதித்தது போல அழுத்தமாக மேலே ஏறிப் போயிருந்தது. ஸ்கூட்டர் இரண்டு அடி போய்ப் புதைந்தது. அதைப் பின்னால் இழுத்தெடுத்துத் திரும்பி வந்தாள். ஸ்பானரைப் பழையபடி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

பகலில் தூங்கிப் பழக்கமே இல்லாதவள் அன்று மூன்று மணி சுமாருக்கு வேலை மேஜையில் தலையைச் சாய்த்தாள். விழித்தபோது ஐந்தாகிவிட்டிருந்தது. வெகுதூரம் நடந்தவளைப் போலக் கால் இரண்டும் கனத்தன. ஜன்னல் திண்டு காலியாக இருந்தது.

"தையலம்மா, இங்கேயிருந்த ஸ்பானரை யாராவது எடுத்தாங்களா?"

தையலம்மா மிஷினை நிறுத்தினாள். "என்ன கேள்வி இது? நீதானே எடுத்துக்கிட்டுப் போனே."

"நானா?"

"பின்னே, உன் ஆவியா? வெறுங்காலோட விறுவிறுன்னு நடந்தே. எங்கே போறேன்னு கத்தினேன், காது கேட்காத மாதிரி போனே. எப்போடி திரும்பி வந்தே?"

"நான் தூங்கிட்டு இருந்தேன் தையலம்மா."

"சரிதான். எனக்குக் கண்ணாடி மாத்தணும், உனக்குத் தலையையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை மிதித்தாள். ஆனால் ஒன்றிரண்டு முறை ஓரக்கண்ணால் அக்காவின் கால்களைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது ஸ்பானர் ஜன்னல் திண்டிலேயே இருந்தது. துடைக்காமல் இருந்தது. வளையத்துக்குள்ளே ஈரச் செம்மண் அப்பியிருந்தது. அந்தத் தெருவில் கறுப்பு மண்தான் உண்டு. அவள் சிறு வயதிலிருந்து புழங்கிய எந்தத் தெருவிலும் செம்மண் கிடையாது. கந்தைத் துணியை எடுத்தவள் ஏனோ அதைத் திரும்ப வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தம்பி வரவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு வண்டிகளும் அவனைத் தேடித்தான் மலையேறின. இரண்டு வாரம் தேடினார்கள், போலீஸும் தேடியது. செம்மண் சரிவில் ஆற்றங்கரை வரைக்கும் டயர் தடம் இருந்தது. அப்புறம் மழை. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

வருகிறவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, ஒரே ஒரு பதில். பின்சக்கரம் பஞ்சராகி, சுருளை விரித்து, இருபத்தேழாம் அறை காலியாக இருப்பதைப் பார்த்து, வண்டியைப் போட்டுவிட்டு நடந்தே ஆற்றில் இறங்கினானா? அப்படியென்றால் அவனைக் கொன்றது ஆறு இல்லை, இந்த ஜன்னல் திண்டு.

தொழிலை அவள் விடவில்லை. ஆனால் கட்டிய சுருளை மூன்று முறை அவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இருபத்தேழாம் அறையை மட்டும் சிவப்பு நூலால் தைக்கச் சொன்னாள். ஜன்னல் திண்டில் எதையும் வைக்கக்கூடாது என்று ஆணி அடித்து அந்தச் செம்மண் ஸ்பானரைச் சுவரில் மாட்டினாள். "ஊருக்கெல்லாம் துடை துடைன்னு உயிரை வாங்கற, இதை மட்டும் இப்படி விட்டிருக்கியே" என்று தையலம்மா கேட்டாள். "இருக்கட்டும்" என்றாள். தம்பியின் போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தாள்.

மூன்றாம் மாதம் அது தொடங்கியது. மத்தியானம் கடந்து வெயில் சாய்கிற நேரம். பின்சந்தில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. தையலம்மா பின்பக்கம் எதற்கு மிஷினைக் கொண்டுபோனாள் என்று நினைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். தையலம்மாவின் கடை பூட்டிக் கிடந்தது. அவள் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அக்கா வாசலிலேயே நின்று கேட்டாள். மிஷின் இல்லை. தம்பி வண்டியின் தளர்ந்த டாப்பெட். எத்தனை வண்டிகளுக்கு நடுவே ஓடினாலும் அந்தச் சத்தத்தை அவளால் பிரித்துச் சொல்ல முடியும். பின்கதவைத் திறந்தபோது நின்றுவிட்டது. சந்தில் ஒரு நாய் மட்டும் எழுந்து, யாரோ வந்ததைப் போல, காலி இடத்தைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து பத்து நாளைக்கு ஒரு முறையாவது கேட்கும். எப்போதும் அதே நேரம்தான், அவள் போகிற இடத்துக்கெல்லாம் வரும். ஒருநாள் உதிரிபாகம் வாங்க நகரத்துக்குப் போய், கடை வரிசையில் நடந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் பத்தடியில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. நடந்தால் கூடவே வந்தது. நின்றால் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதைவிட, சொன்னால் நின்றுவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, ஒருவருக்குச் சுருள் கட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

"ஆத்துக்கு மேல ரோடு போடறாங்கம்மா. பாறை இடுக்குல ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைச்சிருக்கு. உள்ளே பஞ்சர் ஒட்டுற சாமான், கூடவே ஒரு போன். சொட்டுத் தண்ணி உள்ளே போகலை. உங்க தம்பியோடதுதானான்னு பார்க்கணும், சார்ஜ் போட்டிருக்கோம்."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்லைம்மா. சுத்துமுத்தும் தேடிட்டோம்."

சுருள் கட்ட வந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, தன் போனை மேஜை மேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் போயிருக்கும். '27 இங்கேயே இருக்கு. திரும்பி வா' என்ற பழைய செய்திக்குக் கீழே, ஒற்றை டிக் இரட்டை டிக் ஆனது.

அதற்கடுத்த நொடி தம்பியின் பெயரில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பிய நேரம் அந்தச் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு நாற்பது. அவள் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிய நேரம்.

அக்கா, அன்று ஷட்டர் கிழித்த தழும்பு இருந்த கட்டைவிரலால் திரையை நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

'அக்கா, பின்சக்கரம் பஞ்சர். சுருளை விரிச்சா 27 இல்லை. உன்னை நல்லா திட்டினேன். ஆனா கவலைப்படாதே, சக்கரத்தைக் கழட்டி டியூப் மாத்திட்டேன், வண்டி ஓடுது. யாரோ ஒரு பொம்பளை மேட்டுலேர்ந்து இறங்கி வந்து ஸ்பானரை நீட்டினா. வெறுங்கால், கட்டைவிரல்ல பிளாஸ்திரி. முடி முகத்துல விழுந்திருந்தது, பேசவே இல்லை. ஸ்பானர்ல உன்னோட மூணு கீறல் இருந்ததுக்கா, எப்படின்னு தெரியலை. வேலை முடிஞ்சதும் கையை நீட்டினா, கொடுத்துட்டேன். துடைக்கத் துணி இல்லை, செம்மண்ணோடவே கொடுத்தேன், திட்டாதே. இங்கே சிக்னல் இல்லை, கிடைக்கிறப்போ இது வந்து சேரும். அவ ஆத்தைப் பார்த்து நடந்து போறா. அந்தப் பக்கம் பாதை இருக்கும்போல. நடையைப் பார்த்தா உன்னை மாதிரியே இருக்குக்கா. பின்னாலேயே போய்ப் பார்க்கறேன்.'