கோசிமோ கோபுரம் ஏறிய நாள்

கோசிமோ இத்தாலியின் தெற்கு முனையில், லெச்சேக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டினான். இருபது வருடங்களுக்கு மேல் அதே வேலை. கல்யாணம் செய்துகொண்டான், ஒரு மகள் பிறந்தாள், சென்ற நவம்பரில் நுரையீரல் கெட்டு இறந்துபோனான். ஹங்கேரியில் இருக்கும் அவனுடைய பழைய தோழி இல்டிகோவுக்கு அவன் மனைவிதான் தொலைபேசியில் சொன்னாள். அடக்கத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசியில், "பொலோன்யாவுல படிச்சப்ப அவரு எப்படி இருந்தாரு? அதை மட்டும் கேட்டா பேச்சை மாத்திடுவாரு" என்றாள்.

"நிறைய நடப்பான்" என்றாள் இல்டிகோ. 

இல்டிகோ ஒரு வருடப் படிப்புக்காக இத்தாலியின் வடக்கே பொலோன்யா நகருக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். வாடகைக்கு அறை கிடைத்த வீட்டில் அவளோடு சேர்த்து ஐந்து மாணவர்கள். எல்லாரிலும் மூத்தவன் சட்டம் படித்த கோசிமோ. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் மேசைமேல் ஊர் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் கதவோரம் வந்து நின்றான்.

"அதை மடிச்சு வை, ஹங்கேரிக்காரி. செருப்பை மாத்திட்டு வா."

அன்று தொடங்கிய நடை. பொலோன்யாவில் தெருவோரம் முழுக்கத் தூண் வரிசையும் மேலே கூரையும் இருக்கும். மழை நாளில் குடை இல்லாமல் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேருவதை அவன் ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தான். எங்கே கூரை விட்டுப்போகும், எங்கே தெருவைத் தாண்டினால் ஒரு சொட்டுகூடப் படாது என்பதெல்லாம் அவன் கால்களுக்குத் தெரியும். பசித்தால் மொர்த்தடெல்லா என்ற பன்றி இறைச்சித் துண்டு வைத்த ரொட்டி, கால் ஓய்ந்தால் சந்தைக்குப் பின்னால் இவானோவின் காப்பிக்கடை. வாரத்தில் மூன்று நான்கு நாள் அவளுடைய வகுப்பு முடியும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பான். இவன் எப்போது படிக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. கேட்டதில்லை. சட்டத்துறை இருந்த தெருவை மட்டும் தவிர்த்துச் சுற்றுவழியில் போவான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பான்.

ஊர் நடுவில் இருக்கும் உயரமான கோபுரத்திலும் அவன் ஏறமாட்டான். அது அவன் ஒருவனின் பழக்கம் அல்ல. படிப்பை முடிக்காமல் அந்தக் கோபுரத்தில் ஏறுகிறவன் பட்டம் வாங்கவே மாட்டான் என்பது அங்கே மாணவர்களின் நம்பிக்கை. நம்பாதவர்கள்கூட ஏறுவதில்லை. எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். அக்டோபரில் இல்டிகோ ஆசைப்பட்டபோது அவளை மட்டும் அனுப்பிவிட்டுக் கீழே நின்றான். அவள் பட்டம் வாங்கப்போவது அவள் ஊரில், அவளைக் கோபுரம் ஒன்றும் செய்யாது என்றான். காப்பிக்கடை இவானோ இதைக் கேட்டுவிட்டு, "ஏழு வருஷமா கீழயே நின்னு பாக்குறாரு நம்ம டாக்டர். இவரு ஏறுறதுக்குள்ள கோபுரம் சாய்ஞ்சிடும்" என்று சிரித்தான். அந்த நாட்டில் பட்டம் வாங்கிய எல்லாருமே டாக்டர்தான்.

மார்ச்சில் கோசிமோவுக்குப் பட்டம் என்று முடிவானது. வியாழக்கிழமை காலை ஆய்வேட்டை எடுத்துச் சொல்ல வேண்டும், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றான். வீட்டில் மற்ற மூவரும் அவன் தலையில் சூட்ட இலைவளையத்துக்குச் சொல்லிவைத்தார்கள். அங்கே மாணவர் வழக்கப்படி அவனைக் கேலி செய்து சுவரில் ஒட்ட ஆபாசமான பாட்டு ஒன்றும் தயாரானது. ஊரில் அவன் அம்மா சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமை வலைத்துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கினால் எல்லாருக்கும் கொடுப்பது சிவப்புப் பாதாம்தான். அப்பாவும் அம்மாவும் புதன் இரவு ரயில் ஏறுவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் வழக்கம்போல இருவரும் நடந்தார்கள். கோசிமோ அதிகம் பேசவில்லை. வியாழனை நினைத்துப் பயப்படுகிறான் என்று இல்டிகோ விட்டுவிட்டாள். கோபுரத்தடிக்கு வந்ததும் அவன் நேராகப் போய் இரண்டு சீட்டு வாங்கினான்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியலையா?" என்று சிரித்தாள்.

அவன் ஒரு சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினான். உள்ளே மரப்படிகள், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். ஏதோ வேடிக்கைக்காகச் செய்கிறான், முதல் திருப்பத்தில் நின்றுவிடுவான் என்று நினைத்தாள். அவன் நிற்கவில்லை. பாதித் தூரத்தில், அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டு ஏறியவளுக்குப் புரிந்தது. வியாழக்கிழமை பட்டம் வாங்கப்போகிற யாரும் செவ்வாய்க்கிழமை இந்தப் படியில் கால் வைக்கமாட்டார்கள்.

மேலே காற்று பலமாக இருந்தது. சிவப்பு ஓட்டுக் கூரைகள் சுற்றிலும் நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"எத்தனை பரீட்சை பாக்கி?" என்றாள்.

"ஒன்பது."

பிறகு அவனே சொன்னான். அங்கே பரீட்சை பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்வது. முடிந்ததும் அவர் ஒரு மதிப்பெண் சொல்வார். போதாது என்று நினைத்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம், அடுத்த முறை மறுபடி உட்காரலாம். ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்த கோசிமோ முதல் வருடத்தில் முப்பதுக்கு இருபத்தொன்று கொடுத்ததை வேண்டாம் என்றான். வீட்டில் இருபத்தெட்டு என்று சொன்னான். அடுத்த முறை பத்தொன்பது. அதையும் வேண்டாம் என்றான். அப்புறம் உட்காரவே பயம் வந்தது. வீட்டுக்குச் சொல்லும் மதிப்பெண்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின.

"அன்னிக்கே அந்த இருபத்தொண்ணை வாங்கிட்டு வந்திருக்கணும்" என்றான்.

"வியாழக்கிழமை என்ன பண்றதா இருந்த?"

அவன் சுவரில் கை ஊன்றிக் கீழே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இல்டிகோ அவன் மேலங்கியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கு. எனக்குப் பசிக்குது. நீ முன்னால போ, நான் பின்னால வரேன்."

கீழே வந்தும் அவள் கையை விடவில்லை. இன்று வீட்டுக்குப் பேச வேண்டும் என்றாள், ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். அவன் நாளைக்குப் பார்க்கலாம் என்றான். நாளைக்கு அவர்கள் ரயிலில் இருப்பார்கள் என்றாள். அதன்பின் வெறும் நடைதான். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பினாள். எந்தத் தொலைபேசிக் கூண்டைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் போய் நின்றுவிடுவாள். அவன் தாண்டிப் போவான், அவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வாள். பழைய மதில் வாசல் ஒன்றருகே, கடைகளில் விளக்குப் போட்ட நேரத்தில், அவனாகவே கூண்டுக்குள் போனான். கதவு மூடிக்கொள்ளாதபடி அவள் காலை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான். வியாழக்கிழமை ஒண்ணும் இல்லம்மா. பட்டம் இல்ல. ஒன்பது பரீட்சை இன்னும் பாக்கி. நான் சொன்னதெல்லாம் பொய்."

மறுமுனையில் என்ன கேட்டார்களோ, "இல்ல. தனியா இல்ல. ஹங்கேரிக்காரப் பொண்ணு கூட இருக்கு" என்றான். ரிசீவரை அவளிடம் நீட்டினான்.

"அம்மாடி, நான் சொல்றது புரியுதா உனக்கு?" என்றாள் அவன் அம்மா. குரல் மெதுவாக இருந்தது.

"புரியுதும்மா."

"இன்னிக்கு ராத்திரி அவனை விட்டுட்டு எங்கயும் போயிடாத. தூங்கினாலும் பக்கத்துலயே இரு. நாங்க இன்னிக்கே ரயில் ஏறுறோம்."

இல்டிகோ கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மா கேட்கவும் இல்லை.

புதன்கிழமை காலை ரயில் வந்தது. அம்மா இறங்கியதும் மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அப்பா கோயில் விசேஷத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகனைப் பார்க்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். அறையில் நாலு பேர் உட்கார இடமில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் கோசிமோ ஊரைச் சுற்றிக் காட்டினான். அப்பா, அம்மா, இல்டிகோ மூவரும் பின்னால் நடந்தார்கள். இது என்ன மாதாகோயில், அது யார் வீடு என்று அம்மாதான் ஏதாவது கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பா நாலடி பின்தங்கியே நடந்தார். காப்பிக்கடைக்கு முன்னால் போனபோது இவானோ, "வாங்க டாக்டர்" என்று உள்ளிருந்தே கூப்பிட்டான். அப்பாவின் முகம் சிவந்தது. கோசிமோ நின்று, தான் டாக்டர் ஆகப்போவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

இவானோ கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு காப்பி கொண்டுவந்து வைத்தான்.  அப்பா காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"உன் புத்தகமெல்லாம் எத்தனை பெட்டி வரும்?"

"நாலு வரும்ப்பா. அஞ்சுகூட ஆகலாம்."

"அப்ப ரயில்ல ஆகாது" என்றார். "உங்க மாமாகிட்ட வண்டி கேக்கணும்."

பிறகு இல்டிகோவின் பக்கம் திரும்பி, அவர்கள் ஊரில் ஈஸ்டர் நன்றாக இருக்கும், அப்போது வர முடியுமா என்று கேட்டார்.