வார்டு வாசலில் நின்றவன்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஒருவருக்குத்தான் நான் காவலிருந்தேன். மற்றவன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்துகொண்டிருந்தான்.

இதைப் படிப்பவர்களில் பலர் என்னைப்போலப் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வருகிறவர்களாக இருப்பீர்கள். உங்கள் சூட்கேசில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொக்லேட், சென்ட், முழங்கால் நோவுக்குப் பூசும் களிம்பு, பெட்டி பெட்டியாகக் குளிசைகள். நான் நோர்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். ஆட்களுக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. அதனால் வந்த துணிவும் என் சூட்கேசில் இருந்தது.

கடந்த நத்தார் (கிறிஸ்மஸ்) விடுமுறைக்கு நானும் மகள் ஷெரினும் தலைமன்னாருக்குப் போனோம். அவளுக்குப் பதினாறு வயது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் ஒரே தம்பி அன்ரனின் வீட்டில் தங்கினோம். அன்ரன் ஓட்டோ ஓடுகிறவன். அவனுக்கும் அவன் மனைவி ஜெசிந்தாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஷெரின் வந்தால் அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

வந்த அன்றே சாமான்களைப் பிரித்துக் கொடுத்தேன். அன்ரனுக்குக் கொடுத்த பையில் இபுப்ரோஃபென் (நோவையும் வீக்கத்தையும் தணிக்கும் குளிசை) இரண்டு பெட்டிகள் இருந்தன.

"தலையிடி, உடம்பு நோ, எதெண்டாலும் இதில ஒண்டு போடு. அரை மணித்தியாலத்தில கேக்கும்" என்றேன்.

"இஞ்ச எல்லாத்துக்கும் பனடோல்தான் அக்கா. கால் முறிஞ்சாலும் பனடோல்தான்" என்று, ஊரில் எல்லோரும் காய்ச்சலுக்குப் போடும் பரசிட்டமோலைச் சொல்லிச் சிரித்தான். ஜெசிந்தா பெட்டிகளை அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தாள்.

ஒன்பதாம் நாள் ஷெரினுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம் அது. "கண்ணுக்குப் பின்னால நோகுது அம்மா" என்றாள். அன்று ஒரு குளிசை கொடுத்தேன். அடுத்த நாள் இரண்டு. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாததால் அன்ரன் எங்களை ஏற்றிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

வார்டிலிருந்த டொக்டர் இளம் பெண். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, டெங்கு என்றார். பிறகு, "என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

நான் கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டினேன். காட்டும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அம்மா, இதை உடன நிப்பாட்டுங்கோ. டெங்குவுக்கு இது குடுக்கவே கூடாது. வயித்துக்குள்ள ரத்தம் கசியும். பனடோல் மட்டும், அதுவும் அளவோட."

நான் அந்தப் பெட்டியைக் கதவருகே இருந்த குப்பை வாளிக்குள் போட்டேன். வாளியின் மூடி விழுந்த சத்தத்தோடு அந்த விஷயம் எனக்கு முடிந்துவிட்டது. எத்தனை பெட்டி கொண்டுவந்தேன், அவை இப்போது எங்கே இருக்கின்றன என்று நான் யோசிக்கவில்லை.

டெங்குவில் குருதிச் சிறுதட்டுக்கள் (காயம் பட்டால் இரத்தம் உறைய உதவும் நுண்ணிய கூறுகள்) குறைந்துகொண்டு போகும். காலையும் மாலையும் அந்த எண்ணிக்கையைக் கேட்பதுதான் என் வேலை. ஷெரின் குடித்தது எவ்வளவு, சிறுநீராகப் போனது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதவும் வேண்டும். அரை கப் தண்ணீர்கூடத் தவறக்கூடாது. அந்தத் தாளைத் தவிர உலகத்தில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அன்ரன் தலைமன்னாரிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் வந்தான். பெண்கள் வார்டுக்குள் கண்ட நேரத்தில் ஆண்களை விடமாட்டார்கள். கஞ்சிப் போத்தலும் செவ்விளநீரும் கொண்டு வாசலில் நிற்பான். "நேர்ஸ் என்னைப் பாக்கிற பார்வையைப் பார் அக்கா. பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறன்" என்பான். தலையை மட்டும் உள்ளே நீட்டி, "என்னடி நோர்வேக்காரி, நுளம்புக்கு உன்ர ரத்தம்தான் ருசியாமே" என்று மகளைச் சீண்டுவான். அவள் சிரித்தால்தான் திரும்பிப் போவான்.

ஐந்தாம் நாள் காலையில் ஷெரினின் காய்ச்சல் விட்டது. நெற்றி குளிர்ந்திருந்தது. நான் நேர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால், "இனித்தான் அம்மா கவனம்" என்றார்.

இதை ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் தணியும்போதுதான் ஆபத்துக் காலம் தொடங்குகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வெளியே கசியும். நாடி விழும். உள்ளே இரத்தம் போகலாம். அந்த இரண்டு நாள்கள் தாண்டினால்தான் பிள்ளை பிழைத்தது என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் அன்ரன் வந்தபோது நான் அந்தத் தாளோடு வாசலுக்குப் போனேன். கடைசி ஒரு மணித்தியாலத்தில் சிறுநீர் குறைந்திருந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"காய்ச்சல் விட்டிட்டுது. இனித்தானாம் பயம்."

"எனக்கும் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு அக்கா. நீ தந்த குளிசை கிடக்குத்தானே, போட்டுக்கொண்டு ஓடுறன்."

"ஓம், ஓம்" என்றேன்.

கஞ்சிப் போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன். அவன் முகத்தைப் பார்த்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. போத்தலின் சூடு ஞாபகமிருக்கிறது. ஆறாம் நாளும் அவன் இரண்டு தரம் வந்தான்.

ஏழாம் நாள் ஷெரினின் சிறுதட்டுக்கள் ஏறத் தொடங்கின. அன்று காலையில் சாப்பாடு வரவில்லை. ஒன்பது மணிக்கு ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது.

"மச்சாள், அவர் சத்தி எடுக்கிறார். கறுப்பா வருது."

வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் வாந்தியில் அப்படித்தான் வரும். பக்கத்து வீட்டு வானில் ஏற்றி அவனைக் கொண்டுவந்து, அதே ஆஸ்பத்திரியில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். டெங்குதான். நான்கு நாள்களாகக் காய்ச்சலோடு ஓட்டோ ஓடியிருக்கிறான். அங்கிருந்த டொக்டர், என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டார். ஜெசிந்தா கைப்பையைத் திறந்து குளிசை அட்டையை எடுத்தாள். பத்தில் மூன்றுதான் மீதி இருந்தன.

"மச்சாள் வெளியில இருந்து கொண்டுவந்து தந்தவா. நல்ல குளிசை டொக்டர்" என்றாள்.

டொக்டர் அதை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இதாலதான் எண்டு நான் சொல்லமாட்டன். டெங்கு தனியவே இப்பிடிச் செய்யும். ஆனா இதை எடுத்திருக்கக் கூடாது."

அடுத்த நாள் பின்னேரம் அன்ரன் இறந்தான். நாற்பத்து நான்கு வயது. ஷெரின் அப்போது அடுத்த கட்டடத்தில் முதல் தரமாகச் சோறு கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கணவர் செத்தவீட்டுக்கு வந்து ஷெரினைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். நான் முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் நின்றேன். பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, நானும் ஜெசிந்தாவும் சட்டி பானை கழுவினோம்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டே? தனக்கு ஏலாம இருக்கெண்டு உங்களிட்டச் சொன்னவரோ?"

டொக்டரின் பார்வைக்குப் பிறகு ஒரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

"சொன்னவன்" என்றேன். "குளிசை போடுறன் எண்டும் சொன்னவன். அது கூடாதெண்டு டொக்டர் எனக்குச் சொல்லி ரெண்டு நாள். நான் கவனியாமல் ஓம் எண்டிட்டன்."

ஜெசிந்தா கையிலிருந்த தாச்சியைக் கழுவி முடித்தாள். துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் புறப்பட்ட அன்று வாசல்வரை வந்தாள். வாகனம் கிளம்புமுன் உள்ளே திரும்பிவிட்டாள்.

நோர்வேக்கு வந்து ஐந்து வாரங்கள் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் அழைத்தாலும் அவள் எடுக்கவில்லை. ஷெரினுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. டெங்குவுக்குப் பிறகு அப்படி வரும், மறுபடி வளரும் என்றார்கள். மாமாவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்பதில்லை. சீப்பில் சிக்கிய முடியை மட்டும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள்.

வேலையில் நான் மந்தமாகிவிட்டேன் என்கிறார்கள். உண்மைதான். ஒருவர் ஏதாவது கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் என் தலை அசைகிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது.

"மச்சாள், எனக்குக் காய்ச்சல்."

"எத்தினையாம் நாள்?"

"ரெண்டாம் நாள்."

"என்ன போட்டனீங்கள்?"

"இன்னும் ஒண்டும் போடேல்ல" என்றாள். "உங்களிட்டக் கேட்டிட்டுப் போடுவமெண்டு இருந்தனான்."

நான் பனி வாரியைக் கீழே வைத்தேன். பனடோல் மட்டும் என்றேன். எத்தனை, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று சொல்லி, அவளைத் திரும்பச் சொல்ல வைத்தேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு வான் வந்து நிற்கும் சத்தம் கேட்கும்வரை தொலைபேசியை வைக்கவில்லை.

அது டெங்கு இல்லை. நான்காம் நாள் அவள் எழுந்து முற்றம் கூட்டினாள். நான் ஐந்தாம் நாளையும் எண்ணினேன், ஆறையும் ஏழையும் எண்ணினேன். எட்டாம் நாள் காலையில் அவள் குரலைக் கேட்ட பிறகுதான் அன்று என்ன கிழமை என்று நாள்காட்டியில் பார்த்தேன்.