கமலேஸ்வரியின் மெது ஓட்டமும் தர்சனின் ஏழரையும்

கமலேஸ்வரி எதையும் ஆறுதலாகச் செய்கிறவள். எழுபத்தேழில் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு, குடும்பத்தோடு லொறியில் வந்து இரணைமடுவுக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறியபோது அவளுக்கு நான்கு வயது. லொறியிலிருந்து எல்லோரும் குதித்து இறங்க, இவள் இறங்கி முடியப் பொழுது சாய்ந்துவிட்டது என்று தமையன் சாகும்வரை சொல்லித் திரிந்தான்.

அந்தத் தமையனுடைய பழைய சிவப்பு உழவு இயந்திரம்தான் பிறகு அவளிடம் வந்தது. புருசன் பழனியாண்டி அவசரக்காரன். அவன் ஓட்டத் தொடங்கிய கிழமையே ஒரு வேலியும் ஒரு மதகும் போய்விட்டன. அதனால் ஓட்டுவது கமலேஸ்வரி. பழனியாண்டி பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டியில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே வழி சொல்லுவான். மற்றவர்கள் உழுது முடித்துக் குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் இவள் வயலில்தான் நிற்பாள். உழவு என்னவோ சீப்பால் வாரியது போல இருக்கும். ஆனால் அதைப் பார்த்துச் சந்தோசப்பட வயல்காரனுக்குப் பொறுமை இருக்காது.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பரந்தன் பக்கமாக ஒரு விளையாட்டுக் கழகம் போட்டிகள் வைத்தது. சனம் இருக்கக் கதிரைகளை ஏற்றிவந்து இறக்கத்தான் கமலேஸ்வரி போனாள். மைதான வாசலில் கழகச் செயலாளர் கிருசாந்தன் எழுதிய அறிவித்தல் தொங்கியது: ‘மெதுவாக வாகனம் ஓட்டும் போட்டி. 155இற்கு உட்பட்டவை மட்டும்.’ மோட்டார் சைக்கிள் என்பதும் எஞ்சின் அளவைக் குறிக்கும் சீசீ என்பதும் மட்டையில் இடம் காணாமல் விடுபட்டுப்போயின.

பழனியாண்டி அதை வாசித்தான். பிறகு குனிந்து எஞ்சினில் அடித்திருந்த தகட்டைத் துடைத்து வாசித்தான். 152 என்று இருந்தது.

“கமலா, நம்ம வண்டி உள்ளுக்குத்தான் வருது.”

“சும்மா இருங்க. சனம் சிரிக்கும்.”

அவன் கேட்டால்தானே. நடுவர் சிற்றம்பலத்தாரைக் கையோடு கூட்டிவந்தான். சிற்றம்பலத்தார் இளைப்பாறிய தபாலதிபர். எழுதியிருப்பதற்கு மேலே ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தகட்டைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார்.

“நூற்றைம்பத்திரண்டு. குறைவுதான். பெட்டியைக் கழட்டிப்போட்டு வாங்கோ, பிள்ளை.”

போட்டியின் விதி இரண்டே இரண்டு. கால் ஊன்றக் கூடாது, சில்லு நிற்கக் கூடாது. விசில் ஊதியதும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளாக ஆடி ஆடிக் காலை ஊன்றி வெளியே போனது. தர்சன் என்ற பெடியன் ஒருவன்தான் தன்னுடைய நீல மோட்டார் சைக்கிளில் சர்க்கஸ்காரனைப் போல நெளிந்து, விழாமல் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தான். கை தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். கமலேஸ்வரி புறப்பட்ட கோட்டைத்தான் தாண்டிக்கொண்டிருந்தாள்.

ஆகக் குறைந்த கியரில், எஞ்சின் தூங்குகிற சத்தத்தில், இயந்திரம் நகர்ந்தது. நகர்கிறதா என்று சிலருக்குச் சந்தேகம். சிற்றம்பலத்தார் சில்லின் ரயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அது சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தார். நடக்க வேண்டியிருக்கவில்லை, பெரும்பாலும் நின்றார். மைதானம் காலியாகாததால் முட்டி உடைக்கும் போட்டியைக் கோயில் வீதிக்கு மாற்றினார்கள். சனம் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. கமலேஸ்வரி வெற்றிலை போட்டுக்கொண்டாள். வாழ்நாளில் முதல்தரமாக, ‘கெதியா வா’ என்று ஒருவரும் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. கை தட்டினார்கள். எல்லை வந்தபோது இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

பரிசு ஒரு தலைக்கவசம். அதை வாங்கக் கை நீட்டும்போது தர்சன் போனைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினான்.

“ஐயா, அந்த நூற்றைம்பத்திரண்டு சீசீ இல்லை. கன அங்குலம். பழைய இங்கிலாந்துக் கணக்கு. ஒரு கன அங்குலம் பதினாறு சீசீக்கு மேல. அப்ப இது ரெண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொரு சீசீ.”

“போன் சொல்லுறதை நான் நம்பிறேல்லை” என்றார் சிற்றம்பலத்தார்.

அங்கேயே சோதனை நடந்தது. துணி தோய்க்கும் சவர்க்காரக் கட்டியில் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு அங்குலமாக ஒரு துண்டு வெட்டினார்கள். தண்ணீர் விளிம்புவரை நிறைந்த கிளாசில் அதை மெல்லப் போட்டார்கள். வழிந்து தட்டில் விழுந்த தண்ணீரை, மருந்துக் கடை மேனுகா ஊசிக் குழாயால் உறிஞ்சி, “கிட்டத்தட்டப் பதினாறு தசம் நாலு” என்றாள்.

பழனியாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம வண்டி ரெண்டரை லீற்றரா?” என்று பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கேட்டான். தாங்கள் தோற்கப்போவது அவனுக்கு விளங்கவேயில்லை.

ஆனால் தோற்கவில்லை. சிற்றம்பலத்தார் மட்டையைத் திரும்ப வாசித்தார். “நூற்றைம்பத்தைஞ்சு எண்டுதான் இருக்கு. சீசீ எண்டு இல்லை. அங்குலத்தில பாத்தால் மெசின் நூற்றைம்பத்திரண்டு. உள்ளுக்கு. தம்பி, உம்மட மோட்டார் சைக்கிள் எத்தினை?”

“நூற்றி இருபத்திமூண்டு சீசீ.”

சிற்றம்பலத்தார் பேப்பரில் வகுத்துப் பார்த்து ஒலிவாங்கியில் அறிவித்தார்: “அங்குலத்தில ஏழரை. அதுவும் உள்ளுக்குத்தான். ரெண்டு பேரும் ஒரே பிரிவு. முடிவில மாற்றமில்லை.”

சனத்துக்கு மற்றதெல்லாம் மறந்துபோய் ஏழரை மட்டும் காதில் நின்றது. பின்னேரத்துக்குள் தர்சனின் மோட்டார் சைக்கிளுக்கு ஏழரை என்று பெயர் வந்துவிட்டது. அதை வாங்குவதாகச் சொல்லியிருந்த நாயாற்று மீன்பிடிகாரர் மூக்கன், “எனக்குக் கடலில இருக்கிற சனியே காணும்” என்று போனை வைத்துவிட்டார். தர்சனின் தாய் அருந்ததி சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போனா. மகனை மோட்டார் சைக்கிளில் ஏறவிடாமல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனா. வருகிற வழியில் கமலேஸ்வரியிடம் வந்தா.

“தங்கச்சி, உங்களிலை எனக்குக் கோவமில்லை. ஆனா இந்த ஏழரையை எப்பிடியாவது எடுத்துவிடுங்கோ.”

கமலேஸ்வரி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு சிற்றம்பலத்தார் வீட்டுக்குப் போனாள். திருப்பித் தருவதாகச் சொன்னாள். அவர் வாங்க மறுத்தார்.

“முடிவு முடிவுதான். மாத்தேலாது.”

“முடிவை மாத்த வேண்டாம் ஐயா. கணக்கை இன்னொருக்காப் பாருங்கோ. சவர்க்காரத்தில கிட்டத்தட்டத்தானே பாத்தது.”

அவர் அன்றைக்குக் கணக்குப் பார்த்த பேப்பரைத் தேடி எடுத்தார். பிறகு பேரப்பிள்ளையின் போனை வாங்கி, அருவருப்பாக ஒரு விரலால் அழுத்தி, நூற்றி இருபத்திமூன்றைப் பதினாறு தசம் மூன்று எட்டு ஏழால் வகுத்தார். அடுத்த நாளே கோயில் ஒலிபெருக்கியில் திருத்தம் வந்தது.

“தர்சனின் மோட்டார் சைக்கிள் ஏழரை அல்ல. ஏழு தசம் ஐந்து பூச்சியம் ஆறு. ஏழரையைத் தாண்டிவிட்டது என்பதை அடியார்களுக்கு அறியத்தருகிறோம்.”

வீதியில் நின்ற அருந்ததி பக்கத்தில் நின்ற மனுசியைக் கேட்டா: “அப்ப ஏழரை கழிஞ்சுதோ?”

“ஓம். ஐயாவே சொல்லிட்டார்.”

மூக்கனும் சமாதானமாகி வந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பரந்தன் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பெற்றோல் முடிந்துவிட்டது. மூக்கன் போனில் சொல்ல, தர்சன் சங்கடப்பட்டுக் கமலேஸ்வரியைக் கூப்பிட, அவள் இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கயிறு கட்டி இழுத்தாள். சிறிது நேரம் பின்னால் இருந்து பார்த்த மூக்கன், இறங்கி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து அவளுக்குப் பக்கமாக வந்தார். கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது.

“அக்கா, இந்த மெசின் எத்தினை சீசீ?”

“ரெண்டரை லீற்றராம்” என்றாள் கமலேஸ்வரி. வெற்றிலைப் பையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் நடந்தபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டார். பெற்றோல் அடிக்கும் செற் தூரத்தில் தெரிந்தது.